சீல் வைத்த நீராவிப் பெட்டி

அன்பு மகளுக்கு,

ஆஸ்பத்திரி பாய்லர் அறையிலிருந்து உன் சித்தப்பா எழுதுவது. இங்கே என் இடது முழங்கால் மக்கர் செய்கிறது, உன் சித்தியின் நாக்கு மக்கர் செய்யாமல் ஓடுகிறது, மற்றபடி வீட்டில் எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். உன் கடிதம் வந்தது. அண்ணன் போன பிறகு உன்னைப் படிக்க வைத்தது வீண்போகவில்லை, ஒரு தேசத்தின் உதவி இலாகாவே இன்றைக்கு உன் சித்தப்பாவிடம் யோசனை கேட்கிறது. படித்த கையோடு பெரிய டாக்டரம்மாவிடம் காட்டினேன், ஸ்டோர்காரரிடம் காட்டினேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடமும் காட்டினேன். நீ என்னவோ அங்கே குறிப்பு எழுதும் நாலு பேரில் நானும் ஒருத்தி என்றுதான் எழுதியிருக்கிறாய். நான் இங்கே கஜானா சாவியே உன் இடுப்பில்தான் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன், யாராவது விசாரித்தால் மறுத்துத் தொலைக்காதே.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு அடுத்த மூன்று வருஷம் உதவியைப் பொருளாக அனுப்புவதா, கடனாகவா, நிபுணராகவா, ரொக்கமாகவா என்று உன்னைக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அனுபவத்தில் எது தேவலை என்று கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். எட்டாம் வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்தவன் நான், அதாவது மற்றவர்கள் ஒரு தடவை படித்ததை மூன்று தடவை ஆழமாகப் படித்தவன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் இதைக் கேள், இங்கே ஆபரேஷன் தியேட்டர் பத்தொன்பது நாள் மூடிக் கிடந்தது. மூடியது உன் ஆபீஸ். காரணம் நான் என்று உன் சித்தி சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

தியேட்டருக்குப் போகிற கத்தி, கத்திரி, துணி எல்லாவற்றையும் நீராவியில் வேகவைத்துக் கிருமியைக் கொல்கிற பெட்டி ஒன்று இருக்கிறதல்லவா, ஆட்டோகிளேவ், அது நாலு வருஷத்துக்கு முன்னால் உங்கள் ஊரிலிருந்து இனாமாக வந்தது. ஓர் ஆள் உள்ளே படுத்துத் தூங்கலாம், அவ்வளவு பெரிசு. கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு, அது கிழிந்தால் நீராவி வெளியே ஓடிவிடும், பெட்டி வெறும் அலமாரிதான். போன வருஷம் கிழிந்தது. உங்கள் கம்பெனிக்கு எழுதினோம். வேறு வளையம் எதையும் போடக் கூடாது, எங்கள் வளையம் எட்டு மாதத்தில் வரும் என்று பதில் வந்தது, வளையம் இன்றுவரை வரவில்லை. எட்டு மாதம் பிள்ளை பெறாமல் பொறுத்திருக்கும்படி ஊர்ப் பெண்களுக்குச் சொல்வதா? பிஸ்கட் கம்பெனிக்குச் சாமான் விற்கிற கடையில் சூடு தாங்கும் சிலிக்கான் ஷீட் வாங்கி, நானே வளையமாக வெட்டிப் போட்டேன். இருபத்தைந்து நிமிஷ வேலை. தலைமை நர்ஸம்மா சும்மா விடுகிற ஆளா, சூடு சரியாக ஏறினால்தான் கறுப்பாக மாறுகிற டேப் ஒன்றை ஒவ்வொரு மூட்டையிலும் ஒட்டிப் பார்ப்பாள், பதினாலு மாதம் ஒரு நாள்கூட அது கறுக்காமல் இருந்ததில்லை. என் வளையத்தில் ஐயாயிரம் குழந்தைகள் பிறந்தன. நர்ஸம்மாவின் நோட்டில் அறுநூற்றுச் சொச்சம் என்றிருக்கிறது, அவள் எதையும் குறைத்தே எழுதுவாள்.

போன மாதம் உங்கள் ஆபீஸிலிருந்து மேற்பார்வைக் கோஷ்டி வந்தது. இரண்டு ஆண், ஒரு பெண், அவர்கள் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒருவன். பெட்டியைத் தடவிப் பார்த்து, அதன் மேல் உங்கள் கொடி ஸ்டிக்கர் நேராக இருக்கிறதா என்று பார்த்து, நன்றாக ஓடுகிறதே என்றார்கள். எந்த மனுஷனால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியும்? கதவைத் திறந்து வளையத்தைக் காட்டி, இது உங்கள் ஊர்ச் சரக்கு இல்லை, இந்தக் கை வெட்டியது, இப்படிப் பத்துப் பெட்டி கொடுத்தாலும் ஓட்டிக் காட்டுவேன் என்றேன். மூவரும் தலையை ஆட்டிச் சிரித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், நான் தலைகூட வாரிக்கொண்டேன். மறுநாள் உங்கள் ஆபீஸ் கடிதம் வந்திருக்கிறது என்று பெரிய டாக்டரம்மா கூப்பிட்டார். பாராட்டு மடல்தான் என்று சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனேன். இனாம் நிபந்தனை மீறப்பட்டது, எங்கள் மெக்கானிக் வந்து பார்க்கும்வரை பெட்டியை யாரும் தொடக் கூடாது என்றிருந்தது. அன்று மத்தியானமே கதவில் கம்பி சுற்றி ஈயக் கட்டியை நசுக்கி சீல் வைத்தார்கள். மெக்கானிக் எப்போது வருவார் என்றால், நாலு மாதம் கழித்து. "ஒங்க வாய வாடகைக்கு விட வேற எடமே கெடைக்கலையா?" என்று சித்தி கேட்டாள். "ஓடற பெட்டிய ஓடுதுன்னு சொன்னது ஒரு குத்தமாடி?" என்றேன். அன்று சோற்றைத் தட்டில் போடவில்லை, எறிந்தாள்.

இதிலே உங்கள் ஆட்களின் மூளையைப் பார். அவர்கள் நிரப்புகிற படிவத்தில் இரண்டே கட்டம், பெட்டி உபயோகத்தில் இருக்கிறது என்று ஒன்று, எங்கள் மெக்கானிக்கின் கவனிப்பில் இருக்கிறது என்று ஒன்று. எதில் டிக் போட்டாலும் திட்டம் வெற்றிதான். சீல் வைத்துத் தூசி படிந்து கிடந்த பெட்டி உங்கள் ஆபீஸ் புத்தகத்தில் அமோகமாக ஓடிக்கொண்டிருந்தது. இங்கே சிக்கலான பிரசவமென்றால் ஆம்புலன்ஸில் மூன்று மணி நேரம் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள், தையல்காரர் மகள் ஒருத்திக்குப் பாதி வழியில், பெட்ரோல் பங்க் ஓரத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது டிரைவரின் தைரியம். அந்தப் பங்க் முதலாளிக்கு வேண்டுமானால் உங்கள் கொடி ஸ்டிக்கர் ஒன்று அனுப்பி வை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நிபுணர் வேண்டவே வேண்டாம். நெட்டையன் என்று ஒருவன் ஆறு வாரம் இருந்தான், அவன் ஆறு வாரச் சம்பளத்தில் எங்கள் ஆஸ்பத்திரி ஆறு வருஷம் நடக்கும். கை கழுவுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வந்தவன். பெரிய ஹாலில் படம் போட்டு விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் காட்டிவிட்டு, எங்கே செய்து காட்டுங்கள் என்றான். குழாயைத் திருகினால் காற்று வந்தது. "தண்ணி எங்க சார்?" என்று ஆயாம்மா கேட்டதற்கு, தண்ணீர் வேறு நாட்டுத் திட்டம், அதில் நாங்கள் தலையிட மாட்டோம் என்றானாம். அதுவும் உண்மைதான், மேலே தொட்டி ஒரு நாடு கொடுத்தது, குழாய் இன்னொரு நாடு கொடுத்தது, அவரவர் ஊர் அளவில் செய்து அனுப்பியதால் இது அதில் நுழையவில்லை. இரண்டு நாட்டாரும் தனித்தனியாகத் திறப்பு விழா நடத்தி ரிப்பன் வெட்டினார்கள். கடைசியில் அதையும் கோணிச் சாக்கு சுற்றிச் சேர்த்து வைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடன் கொடுத்துவிட்டு அதற்கு உதவி என்று பெயர் வைக்கிறவர்களைப் பற்றி எழுதினால் மை வீண். பின்பக்கம் கட்டடம் ஒன்று அப்படித்தான் எழுந்தது, அவன் காண்டிராக்டர், அவன் சிமெண்ட், அவன் இரும்பு, திருப்பிக் கட்டுவது மட்டும் இங்கே பிறக்கப் போகிற பிள்ளைகளின் பிள்ளைகள். ரொக்கமாகவும் ஒரு தடவை வந்தது. திருடிவிடுவோம் என்ற பயத்தில் முப்பத்தெட்டு நிபந்தனை போட்டு, எல்லாவற்றுக்கும் நாங்கள் பதில் எழுதி, அவர்கள் படித்து முடித்துப் பணத்தை விடும்போது வருஷம் முடியப் பத்தே நாள். பத்து நாளில் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். பத்து நாளில் என்ன வாங்க முடியும்? திரைச்சீலை வாங்கினார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் சுவருக்குக்கூடத் திரைச்சீலை இருக்கிறது. பொருளாக வந்ததில் பெட்டியின் கதையைச் சொல்லிவிட்டேன். அதோடு ஒரு லாரி சக்கர நாற்காலியும் வந்தது, எல்லாம் குழந்தை அளவு, உங்கள் ஊரில் விற்காமல் நின்றதாம். ஸ்டோர்காரர் மேலிடத்துக்கு எழுதியதற்கு, நன்கொடையைக் குறை சொல்வது நாகரிகமில்லை என்று பதில் வந்தது. நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, கொடுக்கிறவன் காருக்குக் கதவைத் திறந்துவிட ஓடுகிற ஓட்டத்தில் கால்வாசி ஓடினால்கூட அந்த ஆம்புலன்ஸ் சீக்கிரம் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆகவே உன் குறிப்பில் இப்படி எழுது. எந்த உருவத்தில் கொடுத்தாலும் கொடுத்த பொருளைத் திறக்கிற உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஓட்டுகிறவன் திறக்கலாம், கழற்றலாம், பக்கத்துக் கடையில் சாமான் வாங்கிப் போடலாம். வளையம் வாங்க மாதாமாதம் கொஞ்சம் பணம், அது போதும், அதற்குத் திறப்பு விழா கிடையாது, ஸ்டிக்கர் ஒட்ட இடமும் கிடையாது. அதனால்தான் உங்கள் ஆட்களுக்குப் பிடிக்காது என்று எனக்கும் தெரியும், பரவாயில்லை, நீ எழுது.

இப்போது முக்கியமான சங்கதி. முந்தாநாள் பெரிய டாக்டரம்மா என்னையும் நர்ஸம்மாவையும் கூப்பிட்டார். "சீலை ஒடைச்சா அடுத்த மூணு வருஷத்துக்கு நம்ம பேரே லிஸ்ட்ல இருக்காதுங்க, உதவி மொத்தமும் நின்னுடும்" என்றார். அப்புறம் அவரே, "நாளைக்குக் காலைல ரெண்டு கேஸ் இருக்கு, ஆம்புலன்ஸ் மூணு மணி நேரம் தாங்காது" என்றார். நேற்று விடிந்ததும் என் பிளையரால் கம்பியை வெட்டினேன். பழைய வளையத்தைப் பார்த்தேன், சும்மா கிடந்ததில் ஓரம் இறுகியிருந்தது, புதிதாக ஒன்று வெட்டிப் போட்டேன். அழுத்தம் பதினைந்து பவுண்டு ஏறி நின்றது, டேப் கறுத்தது, நர்ஸம்மா இரண்டு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பத்து மணிக்குள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பிறந்தாயிற்று. இந்தத் தடவை நான் வாயே திறக்கவில்லை, வெளிநோயாளி வரிசையில் இருந்த ஒரு நாற்பது பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆனால் மறைக்கப் போவதில்லை. டாக்டரம்மா தன் பெயரைப் போடுகிறேன் என்றார், நர்ஸம்மாவும் அப்படியே. அவர்களுக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது, எனக்கு ஏழு மாதம்தான். உங்கள் ஆபீஸுக்கு என் கையாலேயே எழுதிவிட்டேன், சீலை வெட்டியது நான், காரணம் இன்னது, டேப்பின் துண்டு இத்துடன் இணைக்கப்பட்டிருக்கிறது என்று. அது உன் மேஜைக்கு வராமல் போகாது. வந்தால் கிழித்துப் போடாதே, அடியில் செருகாதே, எனக்காகக் கெஞ்சவும் செய்யாதே. இவர் என் சித்தப்பா என்று முதலில் சொல்லிவிட்டுப் பக்கத்து மேஜைக்குத் தள்ளு, பிற்பாடு உன்மேல் ஒரு சொல் வரக் கூடாது. பெட்டி ஓடுகிறது, அதை மறுபடி பூட்ட வேண்டுமென்றால் எழுத்தில் உத்தரவு போட வேண்டாம், அவர்களே வந்து, தியேட்டர் வாசல் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பெண்களைத் தாண்டிப் போய், தங்கள் கையால் பூட்டட்டும். இதை மட்டும் அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்லிவிடு.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது குறைவில்லாமல் வாழ வேண்டும், நீ எழுதுகிற எழுத்துக்கு மதிப்பு கூடிக்கொண்டே போக வேண்டும் என்று நானும் சித்தியும் மனதார வாழ்த்துகிறோம். வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. சித்தி உன்னிடம் கேட்கச் சொன்னது: வேலை போனால் இந்த மனுஷனை ஏழு மாதம் வீட்டில் வைத்துக்கொள்ள உங்கள் தேசம் ஏதாவது உதவி கொடுக்குமா?

இப்படிக்கு,
உன்மேல் உயிராக இருக்கும்
சித்தப்பா
(பாய்லர் அறை, இன்றுவரை)