காதைத் தொடாத கை

என் செல்லக் குப்புவுக்கு,

உன் அக்கா ராணி எழுதுகிறேன். நீ போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இன்று எழுத உட்கார்ந்தால், ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டுதான் உன் ஞாபகம் வந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவாய். ஆமாம், மாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் நீ சிரிக்கிற மாதிரி ஒரு செய்தி. நான் இப்போது டிரில் டீச்சர். மலையடிவாரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் விசில் ஊதிக்கொண்டு நிற்கிறேன். பத்தடி ஓடினால் மூச்சு வாங்குகிற உன் அக்கா பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லித்தருகிறாள். சிரித்துவிட்டாயா? சரி, இனி சொல்லப்போவதில் சிரிப்பு கிடையாது.

உனக்கு நினைவிருக்காத ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். அப்போது உனக்கு நாலு வயது, எனக்கு ஏழு. அம்மா சாமைக் கொல்லைக்குப் போனால் உன்னை இடுப்பில் வைத்துக்கொள்வது என் வேலை. அதனால் எனக்குப் பள்ளிக்கூடமே கிடையாது என்று இருந்தது. அழுது அடம்பிடித்த பிறகு அம்மா, "பாப்பாவையும் இட்டுகினு போறதுன்னா போ" என்றாள்.

நம் மலையில் யாருக்குப் பிறந்த தேதி தெரியும்? வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது. உன் கை காதுக்கு நாலு விரல்கடை முன்னாலேயே நின்றது. வாத்தியார் பேனாவில் மை ஊற்றக் குனிந்த நேரம் பார்த்து உன் விரல் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். "ஆ" என்று கத்தினாய். வாத்தியார் நிமிர்ந்து பார்த்தபோது கை காதில் இருந்தது. நம் இரண்டு பேருக்கும் ஆறு வயது என்று எழுதிக்கொண்டார்.

இப்படித்தான் நீ என் வகுப்புக்காரி ஆனாய். ஆறாவதுக்கு அடிவாரத்து ஹாஸ்டலுக்கு வந்தபோது காகிதத்தில் உனக்குப் பதினொன்று. நிஜத்தில் ஒன்பது. அந்த வருஷமே எண்ணூறு மீட்டரில் உன்னைவிடத் தலை உயரமான பெண்களை எல்லாம் பின்னால் விட்டுவிட்டு வந்தாய். அன்றைக்கு எனக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா?

டிரில் மாஸ்டர், "இந்தப் பொண்ணு ஓட மட்டுந்தான் பொறந்துகீறா" என்றார். அதற்குப் பிறகு உனக்குக் கோகோ கிடையாது, வளையப்பந்து கிடையாது. காலையில் ஓட்டம், சாயந்திரம் ஓட்டம். பொங்கலுக்குக்கூட உன்னை மலைக்கு அனுப்பவில்லை. அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை குப்பு. தன் வீட்டிலிருந்து உனக்கு முட்டை அவித்துக் கொண்டுவந்தவர் அவர். உன் நிஜ வயது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நீ ஓடி ஜெயித்த கப்பை அப்பா விளக்குக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமம் இட்டார். புதுச் சாமை வந்ததும் முதலில் அதில்தான் அள்ளிப் போட்டார். ஊரே உன்னைக் 'கப்பு குப்பு' என்று கூப்பிட்டது. நீ வெட்கப்பட்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். ஒளிந்துகொள்ள அப்போதும் நான்தான் உனக்குக் கிடைத்தேன்.

எட்டாவது படிக்கும்போது, கிணற்றடியில் பாவாடை அலசிக்கொண்டிருந்தபோது சொன்னாய். "அக்கா, முட்டிக்குக் கீழ எலும்பு உள்ளயே குத்துது. நடந்தாலும் வலிக்குது."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லக்கா."

"சொல்லாத. நீ ஓடலன்னா நம்ம ரெண்டு பேரயும் வூட்டுக்குத் தொரத்திடுவாங்க. அப்புறம் நான் எங்க போய்ப் படிக்கிறது?"

இப்படி எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. சோறு போடுகிற ஆயா ஒருநாள் கேலியாக, "தங்கச்சி ஓடறா, அக்கா துன்றா" என்றாள். மற்றவர்கள் சிரித்துவிட்டு மறந்துவிட்டார்கள். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன்.

சாயந்திரத்தில் பெண்கள் பாண்டிக் கட்டம் போட்டு ஒற்றைக் காலில் தாண்டுவார்கள். மாஸ்டர் அந்தப் பக்கம் போனதும் ஓடிப்போய் ஆட்டத்தில் புகுந்துகொள்கிறவள் நீ. அந்த மாதம் நீ மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்த்தாய். கால் நன்றாக இருக்கிற பிள்ளை பாண்டிக் கட்டத்தைப் பார்த்துச் சும்மா உட்காருமா? எனக்குத் தெரியாமல் போனதா, தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்துவிட்டேனா? இன்றுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

மாவட்டப் போட்டி அன்று விளக்கெண்ணெய் தேய்த்து, துணி கிழித்து, நொண்டுவது வெளியே தெரியாதபடி உன் காலை இறுக்கிக் கட்டி அனுப்பியவள் நான். இரண்டாவது சுற்றில் நீ விழுந்தாய். யாரும் இடிக்கவில்லை, எதுவும் தடுக்கவில்லை. கால் உன்னைத் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

எலும்பு முறிவுக்கு நம் ஊரில் எப்போதும் செய்கிறதைத்தான் அப்பாவும் செய்தார். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப்போட வைத்தார். கட்டு இறுக இறுக நல்லது என்று எல்லோரும் நம்பினோம். மூன்றாம் நாள் உன் கால்விரல்கள் கறுத்தன, உடம்பு கொதித்தது. தூளி கட்டி அப்பாவும் சித்தப்பாவும் சுமந்துகொண்டு இறங்கினார்கள். நான் பக்கத்திலேயே நடந்து வந்தேன்.

வழியில் கண்ணைத் திறந்தாய். "அக்கா, நான் ஓடலன்னா உன்ன அனுப்பிடுவாங்களா?"

"மாட்டாங்க பாப்பா."

"அப்ப சரி" என்றாய்.

ரோட்டுக்கு வந்துவிட்டோம். பஸ் வரவில்லை. அது வருவதற்குள் நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போனேன். இனி எனக்கு இடமில்லை என்று சொல்வார்கள் என்று பெட்டியைக்கூடத் திறக்காமல் காத்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. என் தட்டு என் இடத்திலேயே இருந்தது. உன் ஓட்டத்துக்கும் என் தட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததே இல்லை குப்பு. அதே தட்டில் சாப்பிட்டுப் பத்தாவது முடித்தேன், டிரில் படிப்பும் முடித்தேன். அந்தச் சோறு எப்படி இறங்கியது என்று கேட்காதே. இறங்கியது. பசி அப்படி.

இப்போது என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. மலையிலிருந்து வருகிற ஒவ்வொரு பெண்ணின் தாயையும் கேட்டு எழுதி வைக்கிறேன். "எந்தப் புளி உலுக்குல பொறந்தா? அப்ப மூத்தவ நடந்துகினு இருந்தாளா?" என்று புளியம்பழம் உலுக்குகிற பருவங்களை வைத்துத் துருவினால் நிஜ வயது வந்துவிடும். காலையில் ஓட்டத்துக்கு முன்னால் எல்லோரும் ஒரு ஆட்டம் பாண்டி ஆட வேண்டும். மற்ற டீச்சர்கள் என்னைப் பாண்டி டீச்சர் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வலியை வாய் மறைக்கும். ஒற்றைக் காலில் குதிக்கும்போது மறைக்க முடியாது.

அப்படித்தான் செல்வி அகப்பட்டாள். மலைப் பெண். காகிதத்தில் பன்னிரண்டு, நோட்டில் பத்து. உன்னைப் போலவே எண்ணூறு மீட்டர். நான்கு நாளாக இடது காலிலேயே குதித்தாள். வலது காலுக்கு மாற்றச் சொன்னதும், "தண்ணி குடிச்சிட்டு வர்றேன் டீச்சர்" என்று நழுவினாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். முட்டிக்குக் கீழே, உனக்கு வலித்த அதே இடத்தில், எலும்பில் மயிரிழை விரிசல். மூன்று மாதம் ஓடக் கூடாது என்றார் டாக்டர்.

நாளை மறுநாள் மாவட்டப் போட்டி.

செல்வியின் அப்பா மலையிலிருந்து நடந்து வந்து கை கூப்பினார். "ஒரே ஒரு நாளு பல்ல கடிச்சிகினு ஓடட்டும் டீச்சரம்மா. ஜெயிச்சா பெரிய ஹாஸ்டல்ல எடம் தர்றாங்களாம். எங்களுக்கு வேற இன்னா வழி கீது, சொல்லுங்க." அவர் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் வேறு வழியும் இல்லை. அவர் முகத்தில் நம் அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

செல்வி அவரைவிட மோசமாக வார்த்தையால் அடித்தாள். "உங்களுக்கு ஓடத் தெரியாது. அதான் வயித்தெரிச்சல்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஓடலன்னா என்ன யாருக்கு டீச்சர் தெரியும்?" என்று கேட்டுத் தேம்பினாள். பத்து வயதில் கேட்கிற கேள்வியா இது? நீயும் இப்படி நினைத்தாயா? கேட்க உன்னை நான் விட்டதே இல்லையே. என் விசிலை அவள் கையில் கொடுத்து, கோகோவுக்கு அவள்தான் இன்று நடுவர் என்றேன். மண்ணில் விட்டெறிந்தாள். இன்னும் என்னோடு பேசவில்லை.

தலைமையாசிரியை இன்று காலை கூப்பிட்டு, செல்வியின் உடல்தகுதிப் படிவத்தை மேசைமேல் வைத்தார். "நாளைக்குக் காலைல கையெழுத்தோட வேணும். உங்களது தற்காலிக வேலைதான், ஞாபகம் வச்சிக்குங்க. வூட்டுக்கு அனுப்ப எனக்கு ஒரு கடுதாசி போதும்."

வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அன்று நானாகக் கட்டிக்கொண்ட பயத்துக்கு உன்னைக் கொடுத்தேன். அது வெறும் ஆயாவின் கேலி. இன்று அதே வார்த்தையை நிஜமாகவே ஒருத்தர் சொல்லிவிட்டார். என் சம்பளத்தில்தான் அப்பாவும் அம்மாவும் சாப்பிடுகிறார்கள். பயமாக இருக்கிறது குப்பு.

படிவம் இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. வேறு யாரையாவது போட வைத்து அவளைக் கொண்டுபோனால், ஓட்டம் தொடங்குகிற கோட்டில் அவளுக்கு முன்னால் போய் நின்று நோட்டையும் டாக்டர் சீட்டையும் எல்லோருக்கும் காட்டுவேன். வேலை போனால் மலைக்கு வந்து சாமைக்குக் களை பறிக்கிறேன். செல்வி என்னை ஆயுசுக்கும் திட்டட்டும். திட்டுவதற்கு அவள் இருக்க வேண்டும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நோட்டின் முதல் பக்கத்தில் உன் பெயர்தான் இருக்கிறது. 'குப்பு, எட்டாம் வகுப்பு, பதினொரு வயது.' பதிமூன்று இல்லை. இந்த ஒன்றையாவது உனக்குத் திருத்திக் கொடுத்திருக்கிறேன்.

உன் கையைப் பிடித்து இழுத்தவள்,
உன் அக்கா ராணி