தயங்கிய கை

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஸ்டிரைக் என்றால் பஸ்தானே ஓடக் கூடாது, பேனாவுமா ஓடக் கூடாது? இங்கே என்னை எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுக்க “சிஸ்டர், கால் வலிக்குது” என்ற பாட்டுதான். என் இடுப்பு வலிப்பதை நான் யாரிடம் சொல்ல?

நேற்று பேப்பரில் ஒரு மூலையில் நாலு வரிச் செய்தி பார்த்தேன். நம் டிரைவர் அண்ணன் டிப்போவில் பஸ் கழுவும் கொட்டகையில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டாராம். இரண்டு முழங்காலும் உடைந்து, தலையிலும் அடியாம். பதினொரு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். வழுக்கி விழுகிறவன் ஒரு பக்கமாகத்தான் விழுவான். அப்பாவின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவர வண்டி கிடைக்காமல் நாம் வாசலில் நின்றபோது, டியூட்டியைப் போட்டுவிட்டு வந்த ஒரே மனிதர் அவர். என்ன நடந்தது என்று மறைக்காமல் எழுது. நீ செயற்குழுவில் இருக்கிறாய். உனக்குத் தெரியாமல் அங்கே ஒரு நட்டு கூடக் கழலாது.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. உன்னிடம் பொய் எழுத எனக்கு வராது, அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

ஸ்டிரைக்கின் முப்பத்தொன்றாம் நாள் அண்ணன் ஒரு பஸ்ஸை எடுத்து வெளியே ஓட்டிக்கொண்டு போனார். மருமகளுக்குப் பிரசவ வலி, வேறு வண்டி இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, பஸ்ஸைத் திருப்பிக் கொண்டுவந்து, அவரே கழுவி நிறுத்தினார். குழந்தை நன்றாகப் பிறந்தது. பேத்தி.

மறுநாள் மத்தியானம் டயர் அறையில் குழு கூடியது. தலைவர் கேட்டார், “ஸ்டிரைக்க உடைச்சவன என்ன செய்யறது?” டைம் கீப்பர், “வழக்கமா செய்யறதுதான்” என்றார். நம் குழுவின் வழக்கம் உனக்குத் தெரியும், நீயும் அந்த அறையில் உட்கார்ந்தவள்தானே. எண்ணிப் பார்ப்பதில்லை, ஏழு கையும் எழ வேண்டும். எழுந்த கை ஒவ்வொன்றும் ஒரு அடி அடிக்க வேண்டும், பிறகு எவனும் ‘நான் இல்லை’ என்று ஒதுங்கக் கூடாது. ஏழு கையும் எழுந்தது.

கொட்டகைக்கு வரச் சொன்னோம். வந்தார். சமாதானம் பேசக் கூப்பிடுகிறோம் என்று நினைத்திருப்பார், பேத்தி பிறந்ததற்கு மிட்டாய் கொண்டுவந்திருந்தார். தலைவர் ஜாக்கி கம்பியால் வலது முழங்காலில் அடித்தார். டைம் கீப்பர் இடது காலில். வெல்டர் அடித்ததில் முழங்கை பின்பக்கமாக மடிந்தது. நான் நான்காவது ஆள். வீல் ஸ்பேனரை வைத்திருந்தேன். தோளில் அடிக்கலாம் என்றுதான் ஓங்கினேன் அக்கா. அவர் ஈரத்தில் புரண்டார், காதுக்கு மேலே பட்டது. அதற்குப் பிறகு அவர் அசையவில்லை. மிச்சமிருந்த மூன்று பேரும் அசையாத உடம்பை ஆளுக்கு ஒரு அடி அடித்தார்கள். கை தூக்கியாகிவிட்டதே.

தம்பி

மார்ச் 15

தம்பி,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. உன் கடிதத்தை மருந்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். படித்து முடித்ததும் அந்த வாஷ்பேசினிலேயே வாந்தி எடுத்தேன். உடைந்த எலும்பைப் பார்த்து எனக்கு ஒருநாளும் வாந்தி வந்ததில்லை.

வயிற்று வலிக்கு லீவு கேட்டால் கூடச் சிரித்துக்கொண்டு கொடுப்பார்களே, பிள்ளை பிறக்கும் வலிக்கு உங்கள் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டுமா? மிட்டாய் என்ன ஆயிற்று? அதை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறாய். தின்றீர்களா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் துரோகி என்று மனதார நம்பித்தான் கை தூக்கினாயா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. உன்னை வெறுக்கவாவது எனக்கு ஒரு வழி கிடைக்கும்.

அக்கா

மார்ச் 24

அக்கா,

இல்லை. நம்பவில்லை. அவர் செய்தது சரி என்றுதான் நினைத்தேன், அவர் இடத்தில் இருந்தால் நானும் பஸ்ஸை எடுத்திருப்பேன். மிட்டாயைத் தண்ணீர் கரைத்துவிட்டது.

இதைவிடக் கொடுமை இனிமேல்தான். ஸ்டிரைக் முடிந்த வாரத்திலிருந்து ஒவ்வொருவராக என்னைத் தேடி வருகிறார்கள். நான் அழுததை யாரோ பார்த்திருக்க வேண்டும். வெல்டர் வந்து, “எனக்கு மனசே இல்லப்பா, நீங்கல்லாம் தூக்கினீங்க, நானும் தூக்கினேன்” என்றார். டைம் கீப்பர் வந்தார். கண்டக்டர்கள் இரண்டு பேரும் தனித்தனியாக வந்தார்கள், ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. டயர்க்காரர் வந்தார். கடைசியில் தலைவரே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். “யாராவது ஒருத்தன் வேணாம்னு சொல்லுவான்னு காத்துக்கிட்டிருந்தேன்டா. ஒருத்தனும் வாயத் தொறக்கல” என்றார். ஆக, ஏழு பேரும் வேண்டாம் என்று நினைத்த ஒரு கொலையை ஏழு பேரும் சேர்ந்து செய்திருக்கிறோம்.

நான் ஏன் தூக்கினேன் என்று கேட்டால் சொல்கிறேன், கோபப்படாதே. டயர் அறைச் சுவரில் நீ சிவப்பு பெயிண்டில் எழுதிய வரி இன்னும் இருக்கிறது. ‘தயங்கும் கை துரோகியின் கை.’ அதற்கு நேர் கீழேதான் என் இடம். அக்கா எழுதியது, அக்காவுக்குத் தெரியாததா என்று நினைத்தேன்.

இப்போது டயர்க்காரர், அண்ணனின் மனைவி காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஏப்ரல் ஐந்தாம் தேதி குழு கூடுகிறது. அவரைப் பற்றித்தான். இந்தத் தடவை நான் கை தூக்கமாட்டேன். ஆனால் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருக்க எனக்குத் தைரியம் வருமா, தெரியவில்லை. நீ குழுவுக்கு இரண்டு வரி எழுது. உன் எழுத்துக்கு இங்கே இன்னும் மதிப்பு இருக்கிறது.

தம்பி

மார்ச் 30

அன்புத் தம்பிக்கு,

கோபமா? எனக்கு யார் மேல் கோபப்படத் தகுதி இருக்கிறது?

நான் டிப்போ அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டு, குழுவிலும் இருந்த காலம். ஒரு கிளீனரை அடிக்க வேண்டும் என்று தீர்மானம் வந்தது. எல்லாக் கையும் எழுந்தபின் என் கை எழுந்தது. நான்கு விநாடி இருக்கும். அந்த நான்கு விநாடியை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யாரோ பின்னால் வருகிற மாதிரியே இருந்தது. மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய், பெயிண்ட் டப்பாவைத் திறந்து அந்த வரியை எழுதினேன். அதில் ஒரு எழுத்தைக் கூட நான் நம்பவில்லை. என்னைச் சந்தேகப்படாதீர்கள் என்று சொல்வதற்காக எழுதினேன். எல்லோரும் கை தட்டினார்கள். மூன்றாவது மாதம் நர்ஸ் பயிற்சி என்று சாக்குச் சொல்லி ஓடி வந்துவிட்டேன். நான் தப்பித்தேன். வரி அங்கேயே தங்கிவிட்டது.

நீ கேட்டபடி குழுவுக்கு எழுதிவிட்டேன். உன்னிடம் அனுப்பினால் கடைசி நிமிஷத்தில் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்வாய் என்று, நேராகத் தலைவர் பெயருக்கே தபாலில் போட்டேன். அந்த வரி பொய், பயந்த ஒருத்தி எழுதியது, அழித்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆறு பேரும் என் தம்பியிடம் தனியாக வந்து ‘எனக்கு மனசில்லை’ என்று சொன்னவர்கள்தான், அதையே அறையிலும் சொல்லுங்கள், டயர்க்காரர் பிழைத்துக்கொள்வார் என்றும் எழுதியிருக்கிறேன். உண்மை தெரிந்துவிட்டால் யாருக்கும் பயம் இருக்காது, இல்லையா?

சாப்பிட மறக்காதே. பயந்தாலும் வயிற்றைக் காயப் போடாதே.

உன் அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

தலைவர் உன் கடிதத்தை உரக்க வாசித்தார். ‘ஆறு பேரும்’ என்ற இடம் வந்ததும் குரல் நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர்தான் முதலில் கேட்டார். “நான் உன் வீட்டுக்கு வந்தேனா?” மேஜை மேல் ஜாக்கி கம்பி இருந்தது. “இல்ல” என்றேன். வெல்டர் கேட்டார், “நான் ஏதாவது சொன்னேனா?” “இல்ல.” டைம் கீப்பர் என் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். மூக்கு உடைந்தது. ஆனாலும் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் மோதினார். ஆறு பேரும் கேட்டார்கள், ஆறு தடவையும் இல்லை என்றேன்.

“அப்ப உங்க அக்கா பொய் சொல்றாளா?” என்றார் தலைவர்.

“ஆமா” என்றேன்.

உன்னைத் துரோகி என்று தீர்மானம் போட்டார்கள். முதலில் எழுந்தது டயர்க்காரர் கை. நீ அவரைத்தான் காப்பாற்ற எழுதினாய், காப்பாற்றிவிட்டாய். அவர் விஷயத்தை யாரும் பேசவில்லை. மற்ற கைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன. இத்தனை வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. மனசில் இருப்பது வெளியே வந்துவிட்டதே, அதை மூடியாக வேண்டாமா? நான் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் ரத்தம். அதில் ஒரு கையை எடுத்துத் தூக்கினேன்.

உன் முகவரி கேட்டார்கள். கொடுத்தேன். வேறு ஊர் முகவரியைச் சொல்லியிருக்கலாம் என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றியது. அந்த அறையில் எனக்கு அப்படித் தோன்றவே இல்லை அக்கா. வெல்டரும் ஒரு கண்டக்டரும் வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள். எழுந்த கை எல்லாம் அடிக்க வேண்டும் அல்லவா, நானும் கூட வர வேண்டும் என்கிறார்கள். காய்ச்சல் என்று படுத்திருக்கிறேன். அது எத்தனை நாள் செல்லுபடியாகும் என்று தெரியவில்லை.

இந்தக் கடிதம் வியாழக்கிழமை உனக்குக் கிடைக்கும். அன்றைக்கே வீட்டை விட்டுப் போய்விடு. ஆஸ்பத்திரியிலும் சொல்லிக்கொள்ளாதே. எங்கே போகிறாய் என்று எனக்கு எழுதாதே.

கேட்டால் சொல்லிவிடுவேன்.

தம்பி