என் சாப்பாட்டு நேரத்தில் உன் மருந்து

என் அன்பான மீனாட்சிக்கு,

நீ இருந்தவரை உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இப்போது கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

விஷஜுரத்தில் நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஸ்ரீவராகத்தில் நம் வீட்டை இப்போது நம் பெண் கோமதிதான் பார்த்துக்கொள்கிறாள். உனக்கிருந்த அதே வயிற்று உபாதை அவளுக்கும் வந்துவிட்டது. நாலு வாய் சாப்பிட்டால் வயிறு கல்லாகிவிடுகிறது; நாள் முழுக்க ஏப்பம். டாக்டர் அமுக்கிப் பார்த்து, உனக்குச் சொன்னதையே சொன்னார். வயிற்றில் ஒன்றுமே இல்லையாம். ஒன்றுமில்லாததற்கா பெண் இப்படி இளைத்துப்போகிறாள்?

உனக்காக நான் எழுதிய நோட்டை எடுத்துப் பார்த்தேன். டாக்டரின் சோடா மிக்ஸ்சர் பதினைந்து நாள், பிஸ்மத் பொடி பதினைந்து நாள், சாலைக் கடைத்தெரு வைத்தியரின் ஜீரகாரிஷ்டம் பதினைந்து நாள். எது கேட்கிறதோ அதையே தொடர்வதாக ஏற்பாடு. குமாஸ்தா புத்தி, கோடெல்லாம் போட்டிருக்கிறேன். மூன்றுக்கும் நேரே 'தேவலை' என்றுதான் இருக்கிறது. சரியாகச் சொல் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். "நீங்க கேக்கறச்சே தேவலையாத்தான் இருக்கு" என்றாய். நிஜமாக எது கேட்டது, மீனாட்சி?

மறுபடி முதலிலிருந்து பார்க்கலாம் என்று நேற்றுக் காலை ஒன்பதேகாலுக்குக் கோமதிக்கு மிக்ஸ்சரை ஊற்றிக் கொடுத்தேன். சாப்பாட்டுக்குக் கால் மணி முன் என்று புட்டியில் எழுதியிருந்தது. ஒன்பதரைக்கு நான் இலையில் உட்கார்ந்தேன். பரிமாற வந்தவளிடம், எப்போது சாப்பிடுவாய் என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"நீங்க ஆபீஸ் போனப்புறம் அடுக்களை ஒதுக்கி, துணி தோச்சு... ஒரு மணி, ரெண்டு மணி ஆகும்பா. அம்மாவும் அப்படித்தானாக்கும்!"

உனக்கும் இப்படித்தானே கொடுத்தேன்! முன்னால் குடிக்க வேண்டிய மிக்ஸ்சரை நான் சாப்பிடும் முன்பும், பின்னால் குடிக்க வேண்டிய அரிஷ்டத்தை நான் கை கழுவியதும். உன் வெறும் வயிற்றில் அது என்னதான் செய்யும்? நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இல்லை, நான்தான் கேட்டிருக்க வேண்டாமா?

"நீயும் இப்பவே உக்காரு" என்றேன்.

"அப்பா சாப்பிடாம நானா? நன்னாருக்கு, போங்கோ!" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அதட்டினேன், கெஞ்சினேன், ஒன்றும் நடக்கவில்லை. நேரமாகிவிட்டது, ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு?

எந்த மருந்து நல்லதென்று இன்றும் எனக்குத் தெரியாது. வாக்கு ஒன்று மட்டும் தருகிறேன். நாளை முதல் அவள் என் பக்கத்தில் இலை போட்டு உட்காரும்வரை நான் சோற்றைத் தொடமாட்டேன். இரண்டு மணியானாலும் சரி, ஆபீசில் என்ன சொன்னாலும் சரி. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் நீ சாப்பிட்டு நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லையே, மீனாட்சி.

இப்படிக்கு,
கோமதியின் அப்பா