விழுந்த பம்பரின் எடை

ஃபயென்சா,
அக்டோபர் 19, 1978

என் மகன் தார்சீசியோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். உன்னிடம் நலமா என்று கேட்க மனம் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். அந்த இருமல் விட்டதா?

நீ போனை எடுப்பதில்லை. உன் கார்ப் பந்தயச் சங்கத்து அலுவலகத்தில் கேட்டால், வெளியே போயிருக்கிறார் என்று ஒரு பெண் இனிமையாகச் சொல்கிறாள். அதனால்தான் கடிதம். இதிலாவது கடைசிவரை நான்தான் பேசுவேன்.

நெரியோ உன் தங்கை இலேயானாவின் புருஷன் என்பதை மறந்துவிடு. நடந்ததை மட்டும் பார். நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் அந்தக் காரைக் கட்டினான். ஊரில் டாக்டரும் பாதிரியாரும் ஓட்டும் அதே கார்தான். அதை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க மிலான்காரர்களோடு மோதினான். கடைசிப் பந்தயத்தில், கடைசி வளைவில், அந்த மிலான்காரன் பெர்தொலோட்டி பின்னாலிருந்து வந்து இடித்தான். டிவியில் ஊரே பார்த்தது. பம்பர் பிய்ந்து புல்லில் விழுந்தது. அப்படியும் நெரியோதான் முதலில் வந்தான்.

பிறகு காரை உங்கள் எடைமேடையில் ஏற்றினீர்கள். இருக்க வேண்டிய குறைந்தபட்ச எடைக்கு நாலு கிலோ குறைகிறது என்று தகுதி நீக்கம் செய்தீர்கள். இடித்தவனுக்குக் கோப்பை. எடை பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் என் மகன்.

கார் வந்து சேர்ந்தபடியேதான் எடை போட வேண்டும், அது விதி என்பாய். சரி, அந்த விதியை எழுதியவன் வாழட்டும். கோப்பை போனதற்காக நான் இந்தப் பேனாவை எடுக்கவில்லை. வழியில் விழுந்து எடை குறைந்தால் கார் வேகமாக ஓடும் என்றே நெரியோ பம்பரைத் தளர்த்தி வைத்திருந்தான் என்று பெர்தொலோட்டியின் ஆட்கள் புகார் கொடுத்தார்களே, உங்கள் சங்கமும் அதை நம்பி இரண்டு வருஷம் ஓட்டக் கூடாது என்று தடை போட்டதே, அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஊர் சும்மா இருக்குமா? இலேயானா இறைச்சி வாங்கப் போனாள். கடைக்காரன் தராசைக் காட்டி, "பாத்துக்கம்மா, உங்க வீட்டு எடை மாதிரி இல்ல, இது சரியான எடை" என்றானாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். இறைச்சியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். நெரியோ மதுக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டான். நேற்று சாப்பாட்டு மேசையில் அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். "தோத்திருந்தா பரவாயில்ல அத்தை. தோக்கறது எனக்குப் பழக்கம். திருடன்னு சொல்றாங்களே, அதுக்கு என்ன பதில் சொல்றது?" என்றான். அதற்குமேல் சூப்பைத் தொடவில்லை.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். அன்று மாலை, பாதையில் நின்ற ஆட்கள் பம்பரை எடுத்து வந்தார்கள். நீ அதையும் எடைமேடையில் வைத்துப் பார்த்தாய். போல்ட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிறகு காருக்குப் பின்னால் அழுதுகொண்டு நின்ற இலேயானாவிடம் வந்து, "பம்பரைச் சேத்தா எடை சரியாத்தான் வருது. போல்ட்டை யாரும் கழட்டல, முறிஞ்சிருக்கு. ஆனா நான் அதைச் சொன்னா, மச்சானுக்காகச் சொல்றான்னுதான் பேசுவாங்க" என்று சொன்னாயா இல்லையா? உன் தங்கை பொய் சொல்கிறவள் இல்லை.

விழுந்த பம்பரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதி இருந்தால் சேர்க்காதே. கண்ணால் பார்த்ததை எழுதக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது? நெரியோ முன்பின் தெரியாதவனாக இருந்திருந்தால் அந்த முறிந்த போல்ட்டைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி எழுதியிருப்பாய். உறவுக்காரன் என்பதற்காகச் சலுகை காட்டச் சொல்லி நான் உன்னை வளர்க்கவில்லை. உறவுக்காரன் என்பதற்காக அவனை மட்டும் குழியில் தள்ளவும் சொல்லித்தரவில்லை. உன் நேர்மையை ஊர் மெச்ச வேண்டும், அதற்கு அவன் பலியா?

அடுத்த வியாழக்கிழமை நெரியோவின் மேல்முறையீட்டு விசாரணை. உன்னைக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடாமலே போ. பொய் சொல்ல வேண்டாம், கெஞ்ச வேண்டாம். பார்த்ததைச் சொல்லிவிட்டு வந்துவிடு.

கம்பளி பனியன் ஒன்று அனுப்பியிருக்கிறேன். கோபத்தில் பின்னியது, கழுத்து கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். போட்டுக்கொள்.

உன்மேல் கோபமாக இருக்கும்,
அம்மா அர்ஜியா


ஃபயென்சா,
நவம்பர் 3, 1978

என் தார்சீசியோ,

விசாரணையில் நடந்ததை நெரியோவின் வக்கீல் வந்து சொன்னார். நீ கூப்பிடாமலே எழுந்து நின்றாயாம். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். "அவர் என் மச்சான்தான். அதனாலதான் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டேன். அது தப்பு" என்றாயாம். இலேயானா வக்கீலை இரண்டு தடவை சொல்ல வைத்தாள்.

தடையை நீக்கிவிட்டார்கள். ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அதன் நகலைக் கொண்டுபோய் இறைச்சிக்கடைத் தராசுமேல் நானே வைத்துவிட்டு வந்தேன். கோப்பை மட்டும் மிலானிலேயே இருக்கிறது. வந்து சேர்ந்தபடியே எடை, அதில் மாற்றமில்லையாம். இடித்தவனை ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பந்தயப் பாதைக்கு இனி உன்னை அனுப்பமாட்டார்கள், உரிமம் புதுப்பிக்கும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்றும் வக்கீல் சொன்னார். இதை நீ எழுதவில்லை. உண்மையைச் சொன்னவனுக்கு மூலை, மறைத்தபோது மரியாதை. நல்ல சங்கம். அங்கே போய்ச் சொல்லச் சொன்னவள் நான்தான். சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது சொல்வேன் என மட்டும் எதிர்பார்க்காதே.

கிறிஸ்துமஸுக்கு ரயிலில் வா. ஸ்டேஷனுக்கு நெரியோ வருகிறான். நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். "வழி முழுக்க அவனைத் திட்டிக்கிட்டுத்தான் வருவேன் அத்தை" என்றான். திட்டட்டும். நீ பதில் பேசாமல் முன்சீட்டில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து வா.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா