வால் எந்தப் பக்கம்

மார்ச் 2

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரோ எழுதிக் கொடுத்தது இல்லை. என் கை, என் எழுத்து! எதிர்வீட்டுத் தையல்காரம்மா சொல்லிக்கொடுத்தார். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நான் போட்ட முதல் 'ஜ'வைப் பார்த்து, "பெரியவரே, இது எழுத்தா, சிக்கு விழுந்த நூலா?" என்று சிரித்தார். இப்போது கீழே போகும் வண்டிகளில் எழுதியிருப்பதைக்கூட ஜன்னலிலிருந்தே படிக்கிறேன். இந்தப் பக்கத்தை எழுத ஒரு பகல் பிடித்தது. எனக்குத்தான் பகல் நிறைய இருக்கிறதே.

அண்ணன் நன்றாகப் பார்த்துக்கொள்கிறான். நான் எழுதுவது அவனுக்குத் தெரியாது, சொல்லிவிடாதே. நீ அந்த மலைமேல் ராத்திரியெல்லாம் விழித்து என்னதான் பார்க்கிறாய்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் அப்பா

மார்ச் 9

என் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை எல்லாரிடமும் காட்டிவிட்டேன். தொலைநோக்கியை இயக்குபவர், "உங்க கையெழுத்தைவிட உங்க அப்பாவோடது நல்லாருக்கே" என்று என் மானத்தை வாங்கினார்.

போன வாரம் ஒரு நட்சத்திரம் வெடித்ததைப் பார்த்தோம். மனிதர்களே இல்லாத காலத்தில் வெடித்தது. வெளிச்சம் இப்போதுதான் வந்து சேர்ந்தது. என் வேலை ஒரு சிறுகோள், அதாவது வானத்தில் சுற்றும் பாறை. அது ஒரு பாறை இல்லை, ஒன்றையொன்று சுற்றும் இரண்டு என்று எனக்குச் சந்தேகம்.

உங்களுக்கென்று ஒரு வால்நட்சத்திரம் வைத்திருக்கிறேன். இந்த மாதம் முழுக்க, சூரியன் மறைந்ததும் மேற்கே வெறும் கண்ணுக்கே தெரியும். நம் ஆயுளில் திரும்ப வராது. உங்கள் ஜன்னல் கிழக்கைப் பார்த்தது, அதனால் மொட்டைமாடிக்குப் போங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 15

அன்பு மகளுக்கு,

பார்த்துவிட்டேன்! மாடியில் நல்ல காற்று. தலை மேலே, வால் கீழே, பசுமாட்டு வால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அழகோ அழகு.

பாறை ஒன்றா இரண்டா? அவ்வளவு தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பாய்?

உன் அப்பா

மார்ச் 20

அப்பா,

இரண்டுதான். தொலைநோக்கியில் ஒரே புள்ளியாகத்தான் தெரிகிறது. ஆனால் அதன் வெளிச்சம் விட்டுவிட்டு மங்குகிறது. ஒன்று மற்றதை மறைப்பதால்தான் மங்கல்.

வால்நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தான் நீளும். சூரியன் கீழே இறங்கியிருக்கும்போது வால் மேல்நோக்கி நிற்கும், தொங்காது. நீங்கள் பார்க்கவில்லை.

கம்பிக் கதவைத் திறக்காமல் ஏன் பாடம்? பகலெல்லாம் ஏன் ஜன்னல்? அண்ணன் பூட்டிவிட்டா போகிறான்? ஃபோனில் கேட்டால் சிரித்து மழுப்புவீர்கள். எழுதுங்கள். நான் கிளம்பி வரட்டுமா?

உங்கள் மகள்

ஏப்ரல் 3

அன்பு மகளுக்கு,

வாலில் மாட்டிக்கொண்டேனே!

ஆமாம், பூட்டுகிறான். போன வருடம் பலகை படிக்கத் தெரியாமல் வேறு பேருந்தில் ஏறித் தொலைந்துபோனேனே, அன்றிலிருந்து. பிணவறை வரைக்கும் போய்த் தேடினான். அவனைத் திட்டாதே. ஆனால் ஒன்று சொல்கிறேன். சாயங்காலமானால் அந்தப் பூட்டுக்கு எதிரே போய் நிற்பேன். அந்தப் பக்கம் வால்நட்சத்திரம், நடுவில் கதவு.

உன் கடிதம் வந்த அன்று பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன்: 'எனக்கு இப்போது பேருந்துப் பலகை படிக்கத் தெரியும்.'

அண்ணன் வந்ததும் பார்த்தான். "யாருப்பா எழுதினது?"

"நான்தான்டா."

நம்பவில்லை. செய்தித்தாளை எடுத்து நீட்டினான். திக்கித் திக்கிப் படித்தேன், ஆனால் விடவில்லை. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னொரு தடவை அந்த மாதிரி தேட எனக்குத் தெம்பு இல்லப்பா."

"இனிமே தொலைஞ்சா எந்த ஊருல நிக்கிறேன்னு படிச்சுச் சொல்லிடுவேன்டா."

சிரிக்கவில்லை. இரண்டு நாள் வழக்கம்போலப் பூட்டிக்கொண்டுதான் போனான். மூன்றாம் நாள் காலையில் முக்காலிமேல் சாவி இருந்தது.

ஓடினேன் என்றா நினைக்கிறாய்? மறுபடி தொலைந்துவிடுவேனோ என்ற பயத்தில், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சில நாள் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குள் மேகம் வந்துவிட்டது. வால்நட்சத்திரம் இனித் தெரியாதாம், செய்தித்தாளில் நானே படித்தேன்.

இதுவரை என் கடிதங்களைத் தையல்காரம்மாதான் கம்பி வழியே வாங்கிப் போய்த் தபாலில் போட்டார். இன்றும் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. கதவைத் திறந்து, மாடிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெட்டி தெருமுனையில் இருக்கிறது.

போய்விட்டு வருகிறேன்.

உன் அப்பா