அழகம்மாவின் விடுதி இடமும் ஆள் சேராத மூன்று கூட்டங்களும்

அனுப்புநர்:
மு. யோகலிங்கம்,
செயலாளர், மாணவர் சபை,
(வீடு) உருத்திரபுரம், கிளிநொச்சி.

பெறுநர்:
துணைவேந்தர் அவர்கள்,
பல்கலைக்கழகம்.

பொருள்: மாணவர் சபைக் கூட்டங்களுக்கு ஆள் சேராமையும், அதனால் செல்வி வீ. அழகம்மா படிப்பை விட்டமையும்.

மதிப்புக்குரிய ஐயா,

கடந்த தை மாதம் நான் சபையின் செயலாளரானேன். தேர்தல் நடக்கவில்லை, வேறெவரும் மனுப் போடவில்லை. அதற்கு முந்திய வருடம் நானும் ஒரு கூட்டத்துக்கேனும் போனவனல்லன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதலாம் வருட மாணவி அழகம்மாவின் தந்தை வீரையா, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலையகத் தோட்டத்தை விட்டு வந்து, எங்கள் ஊருக்கு அப்பால் காடு வெட்டிக் குடியிருப்பவர். காணிக்குப் பத்திரம் இல்லாதபடியால் கிராமசேவகர் வதிவிடச் சான்றிதழ் கொடுக்கவில்லை. சான்றிதழ் இல்லாதபடியால் விடுதியில் இடம் கிடைக்கவில்லை. அழகம்மா விடுதியிலேயே ஒரு சிநேகிதியின் அறையில் தரையில் பாய் விரித்துப் படுத்துப் படித்தார். ஆனி மாதம் அதுவும் தடுக்கப்பட்டது. அவர் குடியிருக்கும் பக்கம் பஸ் இல்லாதபடியால், அதன் பின் தெரிந்தவர் வீடுகளில் மாறி மாறித் தங்கினார்.

அவருக்கு விடுதி இடம் கேட்டுப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு எழுதினேன். சபையின் தீர்மானம் வேண்டும் என்று பதில் வந்தது. ஐம்பது பேர் கூடினால்தான் தீர்மானம் செல்லும். கூட்டம் நான்கு மணிக்கு. வன்னிப் பக்கம் போகும் பஸ் மூன்றே முக்காலுக்குப் புறப்பட்டுவிடும். விடுதி கிடைக்காதவர்கள் அதில்தான் போகிறார்கள். விடுதியில் இருப்பவர்களை அறை அறையாகப் போய்க் கேட்டேன். வருவதாகச் சொன்னார்கள். ஒருவர் மட்டும், "எங்களுக்கு ரூம் இருக்கு. நாங்கள் வந்து என்ன செய்யிறது?" என்று உண்மையைச் சொன்னார்.

முதற் கூட்டத்துக்குப் பதினாறு பேர், அடுத்ததற்குப் பதினொருவர், கடைசிக்கு ஏழு பேர். அந்த ஏழில் அழகம்மாவும் ஒருவர். கதிரைகளை அடுக்கும்போது அவர் என்னிடம், "அண்ணே, இனி எனக்காகக் கூட்டம் வைக்காதீங்க. வெறும் கதிரையப் பாத்துக்கிட்டு இருக்க வெக்கமா இருக்கு" என்றார். அடுத்த கிழமை விரிவுரைக்கு வரவில்லை.

சென்ற ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். கச்சான் கடலைத் தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைக் குறை சொல்லவில்லை. பாடம் எதுவரை போய்விட்டது என்று மட்டும் கேட்டார். அதைச் சொல்லிவிட்டு, திரும்பி வரச் சொல்லாமலே வந்துவிட்டேன்.

விரிவுரை நேரத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் கூட்டத்துக்கு ஆட்கள் வரக்கூடும். வராமலும் போகலாம், எனக்கு இப்போது நிச்சயமில்லை. இம்மனுவில் என்னோடு கையொப்பமிடவும் ஒருவர் கிடைக்கவில்லை.

அந்த ஒரு மணித்தியாலமும் இயலாதெனில், தங்கள் பதிவேட்டில் அழகம்மாவின் பெயருக்கு நேரே 'சுயவிருப்பின் பேரில் விலகினார்' என்று எழுதப்பட்டிருக்கும் வரியையாவது அழித்துவிடும்படி தங்களை மிகத் தாழ்மையுடன் கேட்கிறேன்.

இங்ஙனம்,
மு. யோகலிங்கம்

உருத்திரபுரம்,
21.11.1982