பத்திரிகையில் ஒரு செவலை மாடு

இன்று மதியம் நாத்தனாரின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு அச்சகத்திலிருந்து வந்தது. நூலை அறுத்ததும் புது மையும் அட்டையும் கலந்த வாசனை வீடெங்கும் பரவியது. பிரித்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வாசனைக்கு அடியில் ஈரமான வாட்டர் கலரின் வாசனையும் இருப்பதுபோல் பட்டது. இங்கே ஏது? அது மேல்சித்தாமூரில், தோழி, உன் மாடி அறையில், பாய் நிறையப் பரப்பி வைத்த என் கல்யாணப் பத்திரிகைகளில் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது.

நான் கட்டிக்கொள்ள விரும்பியவர் காலனித் தெருக்காரர், அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்களுடையது அனந்தபுரம் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம். நைனா சம்மதிக்கவே வெகு நாளானது. சம்மதித்தபோதும், "கட்டிக்கோம்மா, கூட வந்து நிக்கறேன். ஆனா வீடு வீடா போய்க் கூப்புட என்னால முடியாது" என்றார். பெரியப்பா வரப்போவதில்லை என்று ஊருக்கே சொல்லிவிட்டார். அவர் வராவிட்டால் பங்காளிகள் ஒருவரும் வரமாட்டார்கள்.

செஞ்சி உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த உன் முன்னால் வந்து நின்று அழுதேன். நீ கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பத்திரிக அடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அடியில கொஞ்சம் எடம் காலியா வுடச் சொல்லு. நா வரையறேன்."

அச்சகக்காரருக்கு விளங்கவில்லை. "காலியா இருந்தா நல்லா இருக்காதும்மா. ரோஜாப்பூ போட்டுத் தர்றேன், அதுக்குத் தனியா காசு இல்ல" என்று மன்றாடினார். நானும் நீ கோட்டையைத்தான் வரையப்போகிறாய் என்று நினைத்திருந்தேன். ராஜகிரி உச்சியில் ஒரு மேகம் உட்கார்ந்திருக்கும் காலைகள் உனக்கு அவ்வளவு பிடிக்குமே. கேட்டதற்கு இல்லையென்று தலையை ஆட்டினாய்.

"கோட்டைய ஊரே பாக்குது. அவங்கவங்க வீட்ட யாருடி பாக்கறா?"

அந்த மார்கழிப் பகல்கள் எனக்கு இப்போது ஒரே நீண்ட பகலாகத்தான் நினைவிருக்கின்றன. நான் ஸ்கூட்டி ஓட்டுகிறேன், நீ பின்னால் உட்கார்ந்திருக்கிறாய். பாறைகளெல்லாம் வெயிலில் மிதப்பதுபோல் பக்கத்தில் வந்து விலகுகின்றன. யார் வீட்டுக்குள்ளும் நாம் போகவில்லை. மெதுவாகக் கடந்தோம், அவ்வளவுதான். அவலூர்பேட்டையில் அத்தை வீட்டு வாசலில் மொபெட் சீட்டின் மேல் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மயில் நின்றது. "போதும், போ" என்று என் முதுகில் தட்டுவாய்.

திரும்பி வந்து வரைவோம். வரைவோம் என்றா சொன்னேன்? நீ வரைவாய், நான் தண்ணீர் மாற்றுவேன். அத்தைக்குப் பூனை, சித்தப்பாவுக்கு மயில். மாப்பிள்ளை தரப்புக்கும் அப்படித்தான்: காலனியில் அவர் சின்னம்மா வீட்டு முருங்கைமரம், அண்ணன் வீட்டுப் பச்சைக் கதவு. காயும்போது எது எந்தத் தெருவுக்கு என்று எனக்கே தெரியாமல் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது சமணரான உங்கள் வீட்டு வழக்கம். உன் அம்மா கீழேயிருந்து கூப்பிடும்போது உன் விரலெல்லாம் காவி நிறமாக இருக்கும்.

பெரியப்பாவுக்கு அவருடைய செவலைப் பசுவை வரைந்தாய். ஒரு கொம்பு மடங்கிய பசு. கொடுக்கப் போனபோது அவர் கை நீட்டவில்லை. "வெச்சிட்டுப் போங்க" என்றார். கட்டிலில் வைத்துவிட்டு வந்தோம்.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்த பிறகும் எங்கள் பக்கத்து நாற்காலிகளில் பாதி காலி. அத்தை வந்திருந்தாள்; பூனையைப் பற்றி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பெரியப்பா உள்ளே வந்தார். கையில் பத்திரிகை. மேடைப் பக்கம் திரும்பாமல், வெற்றிலைத் தட்டருகே நின்ற உன்னிடம் நேராகப் போனார்.

"இத வரஞ்சது யாரு?"

"நாந்தாங்க பெரியப்பா."

"செவலைக்கு எடது கொம்புதான் மடங்கியிருக்கும். நீ வலதுல போட்டிருக்கியே."

"தப்புதாங்க. சாப்டுட்டு வாங்க, திருத்தித் தர்றேன்."

மண்டபமே அவரைப் பார்த்தது. அவர் நகரவில்லை. நைனா போய் அவர் கையைப் பிடித்து, "வாண்ணா" என்று மட்டும் சொன்னார். பந்தியில் என் மாமனாருக்குப் பக்கத்து இலைதான் காலியாக இருந்தது. பெரியப்பா கொஞ்சம் நின்றார், பிறகு உட்கார்ந்தார். சாப்பாட்டின் நடுவில் பெரியப்பாவுக்குப் புரையேறியபோது, மாமனார் தன் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். பெரியப்பா எடுத்துக் குடித்தார். மேடையிலிருந்து இறங்கி வந்து தூணோரம் நின்ற நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு உன்னைத் தேடினேன். நீ பேனாவால் கொம்பை மாற்றிக்கொண்டிருந்தாய்.

"தெரிஞ்சேதான் தப்பா போட்டியா?" என்று அப்புறம் கேட்டேன். "பசிக்குதுடி, வா" என்றாய். இனி அதை உன்னிடம் கேட்க வழியில்லை.

நோய் உன்னைப் படுக்கையில் போட்டபோது பிரஷ் பிடிக்கும் அளவுக்குக்கூட உன் கையில் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ்ஸில் வருவேன். வந்ததும் வராததுமாகக் கேட்பாய்: "வர்ற வழியில இன்னா பாத்த?"

"ஒண்ணுமில்லடி."

"ஒண்ணுமில்லாம எப்டி இருக்கும்? அடுத்த வாரம் நல்லா பாத்துட்டு வா."

அதனால் பார்க்கத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல நீ கண்ணை மூடிக்கொள்வாய். உன் ஆள்காட்டி விரல் போர்வையின் மேல் மெதுவாக நகரும். நான் நிறத்தைச் சொல்லாமல் விட்டால் விரல் நின்றுவிடும். போன ஐப்பசியில் அது ஒரேயடியாக நின்றது. நீ இல்லை என்பது என் கண்ணுக்கு இன்னும் உறைக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் அது இப்போதும் பார்த்ததையெல்லாம் உனக்காகச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

நேற்று பார்த்ததைச் சொல்லட்டுமா? மழை. பஸ் நிழற்குடைக்குள் ஒரு எருமை ஒதுங்கி நின்றது. அதற்கு இடம் விட்டுவிட்டு இரண்டு பேர் வெளியே நனைந்துகொண்டிருந்தார்கள், யாரும் அதை விரட்டவில்லை. கண்ணை மூடிக்கொள், நிறம் சொல்கிறேன். எருமையின் முதுகும் அதற்குப் பின்னால் நனைந்துகொண்டிருந்த மலையும் ஒரே கருநீலம்.